பூட்டப்படாத பழைய கதவு

1980களில் பிரிட்டனின் பள்ளிகள் பலவற்றில் பிபிசி மைக்ரோ என்னும் கணினி இருந்தது. அக்காலத்தில் வட்டு இயக்கியும் அச்சுப்பொறியும் விலை மிகுந்தவை. கணினிக்கு ஒன்றாக வாங்குவது எளிதன்று. எனவே, வகுப்பறைக் கணினிகள் அவற்றைப் பகிர்ந்துகொள்ள ஏகார்ன் நிறுவனம் எக்கோநெட் என்னும் முறையை உருவாக்கியது. கணினிகள் தமக்குள் தகவல் பரிமாறிக்கொள்ளப் பின்பற்றும் இத்தகைய விதிகளின் தொகுப்பே நெறிமுறை எனப்படுகிறது.

பின்னர் ஈதர்நெட்டும் இணையமும் பரவின, எக்கோநெட் மறக்கப்பட்டது. ஆயினும், 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் என்னும் திறந்தமூல இயங்குதளத்தில் அதற்கான நிரல் தொடர்ந்து இருந்தது. யாருக்காவது உதவும் என்று சேர்க்கப்படும் நிரல், பயன்படுத்துவோர் இல்லாமற்போன பிறகும் தானாக நீங்குவதில்லை.

இருந்துவிட்டுப் போகட்டுமே, அதனால் யாருக்கு என்ன கேடு? 2010இல் இக்கேள்விக்கு விடை கிடைத்தது. எக்கோநெட் நிரலில் பாதுகாப்புக் குறைகள் கண்டறியப்பட்டன. அவற்றை வேறொரு குறையுடன் இணைத்துப் பயன்படுத்தினால், சாதாரணக் கணக்கு வைத்திருக்கும் ஒருவர் கணினியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற முடிந்தது. அதற்கு எக்கோநெட் கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஒரு மென்பொருள் அந்நெறிமுறையைக் கேட்டாலே போதும். பல கணினிகளில் இயங்குதளம் உறங்கிக் கிடந்த நிரலைத் தானே எழுப்பிவிடும். வீட்டார் மறந்துபோன பின்கதவின் வழியே திருடன் நுழைவதைப் போன்றது இது.

குறைகள் உடனே சரிசெய்யப்பட்டன. 2012இல் எக்கோநெட் லினக்ஸிலிருந்து முற்றிலும் நீக்கப்பட்டது. 2018இல் ஐபிஎக்ஸ் நெறிமுறையும் விடைபெற்றது. 1993இல் வெளிவந்த டூம் என்னும் விளையாட்டை நண்பர்கள் கூடி ஆட உதவியது அதுதான்!

டெக்நெட் நெறிமுறையின் கதையோ வேறு. 2010லேயே அதைப் பராமரிக்க ஆளில்லை. லினக்ஸின் மையப் பகுதி மாறும்போதெல்லாம், பிற நிரலாளர்கள் டெக்நெட்டின் நிரலையும் திருத்த வேண்டியிருந்தது. திருத்தியது சரியா என்று சோதித்துப் பார்க்கவோ, அப்பழைய கணினிகள் பெரும்பாலோரிடம் இல்லை. இருந்தும் அதை நீக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. பழங்கணினிகளைப் பேணும் ஆர்வலர்கள் சிலர் இன்னும் இருக்கக்கூடும் என்பதால், இத்தகைய முடிவை எடுப்பது எளிதாக இருப்பதில்லை.

2022இல் டெக்நெட் நீக்கப்பட்டது. திறந்தமூலம் என்பதால் அந்நிரல் அழிந்துவிடவில்லை. பழைய பதிப்புகளில் அனைவரும் காணும்படி உள்ளது. வேண்டுவோர் அதை எடுத்துப் பயன்படுத்தலாம். ஆனால், புதிய லினக்ஸுக்கு ஏற்ப அதைத் திருத்தும் பொறுப்பு இனி அவர்களுடையது.