டிஸ்கஸ் மீனுக்கு ஏற்ற தொட்டி

மலேசியாவில் அலங்கார மீன் வளர்ப்பில் ஜொகூர் மாநிலம் முன்னணி வகிக்கிறது. இங்கு வளர்க்கப்படும் மீன்களுள் டிஸ்கஸும் ஒன்று. தட்டு வடிவிலான இம்மீனின் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் பகுதியாகும்.

இம்மீனைச் செடிகள் நிறைந்த தொட்டியில் வளர்ப்பது எளிதன்று. டிஸ்கஸுக்கு 28 முதல் 30 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீர் தேவை. பல நீர்ச்செடிகள் அவ்வெப்பத்தில் வாடிவிடும். ஆகவே, வெப்பம் தாங்கும் அமேசான் வாள் செடியை மணலில் நடலாம்; அனுபியாஸ், ஜாவா பெரணி ஆகியவற்றை மரக்கட்டையில் கட்டி வளர்க்கலாம்.

புதிய தொட்டியில் உடனே மீன்களை விடக்கூடாது. மீன்களின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நச்சு உண்டாகிறது. அந்நச்சை மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் பெருகச் சில வாரங்கள் ஆகும். குழாய் நீரிலுள்ள குளோரினையும் முதலில் நீக்க வேண்டும். இல்லையேல் மீன்களோடு அந்நுண்ணுயிர்களும் மடியும்.