கேரல் கீதமும் ஈகையும்: ஓர் ஆராய்ச்சி

இசை மக்கள் அனைவர்க்கும் பொது. ஆலயமோ இறைவனுக்கு உரியது. இவ்விரண்டும் கூடுமிடத்து, எவ்விசை உள்ளே புகத் தக்கது, எவ்விசை வாயிற்புறத்தே நிற்கத் தக்கது என்னும் வினா திருச்சபையில் நெடுங்காலமாக எழுந்து வருகின்றது. ராக் இசையைப் பற்றி எழும்போது இவ்வினா பின்னும் கூர்மையடைகின்றது. மின் கித்தாரும் முரசும் முழங்கும் குழுவொன்று பலிபீடத்தின் முன் நின்று கிறிஸ்மஸ் கீதம் பாடுதல் தகுமோ எனப் பெரியோர் வினவுகின்றனர். தகாததென்னை என இளையோர் வினவுகின்றனர். இருசாரார் கூற்றையும் நடுநின்று ஆராய்தல் மாணவராகிய நமக்குக் கடனாகும். ஆதலின் இலண்டன் மாநகரில் 2008ஆம் ஆண்டு கிறிஸ்மஸ் காலத்தில் நிகழ்ந்த இசை நிகழ்ச்சியொன்றை எடுத்துக்கொண்டு, அதன்கண் ஒலித்த கீதங்கள் மூன்றைச் சான்றாக நிறுத்தி, விடை காண முயல்வாம்.

இடமும் குழுவும்

நிகழ்ச்சி நடைபெற்ற இடம் பிளீட் தெருவிலுள்ள தூய பிரைடு ஆலயம். அத்தெரு நெடுங்காலம் ஆங்கில நாட்டுச் செய்தித்தாள்களின் தலைமையிடமாக விளங்கியமையால், இவ்வாலயம் பத்திரிகையாளரின் ஆலயம் எனப் பெயர் பெற்றது. 1666ஆம் ஆண்டின் பெருந்தீக்குப் பின்னர் இதனை எடுத்தவர் சிற்பக்கலை வல்லுநர் கிறிஸ்டோபர் ரென். அடுக்கடுக்காக எழும் இதன் கோபுரம் 226 அடி உயரமுடையது. 1940ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் இரவில் செருமானிய விமானங்கள் எறிந்த தீக்குண்டுகளால் ஆலயத்தின் உட்புறம் வெந்து நீறாயிற்று. கோபுரமும் புறச்சுவர்களுமே எஞ்சின. மீண்டும் கட்டப்பெற்று 1957இல் இது பிரதிஷ்டை செய்யப்பெற்றது. இடையே தரையை அகழ்ந்து பார்த்தபோது, ஒன்றன்கீழ் ஒன்றாகப் பழைய கோயில்களின் அடித்தளங்களும், அவற்றினும் கீழே உரோமர் காலத்துத் தளமும் வெளிப்பட்டன. இச்செய்தியை நினைவில் நிறுத்துக. கேரலின் அடியிலும் இத்தகைய படைகள் பல உள.

பாடிய குழுவின் பெயர் ஜெத்ரோ டல். நிலத்தில் வரிசையாக விதையிடும் பொறியைச் சமைத்த 18ஆம் நூற்றாண்டு ஆங்கில உழவர் ஒருவரின் பெயரை இக்குழு 1968இல் தனக்குச் சூட்டிக்கொண்டது. ஜெத்ரோ என்பது மோசேயின் மாமனாராகிய எத்திரோவின் பெயரே. குழுவின் தலைவர் இயன் ஆண்டர்சன், ராக் இசையில் புல்லாங்குழலை முதன்மைப்படுத்தியவர். ஒற்றைக்காலில் நின்று குழலூதும் கோலத்தால் உலகெங்கும் அறியப்பெற்றவர். பாக் என்னும் செருமானியப் பேராசிரியரின் ஆடலிசை ஒன்றை 1969இலேயே தம் குழலுக்கேற்ப அமைத்து வாசித்தவர்.

அன்றிரவு குழுவினர் மட்டும் பாடினாரல்லர். ஆலயத்துப் பாடகர்குழுவும் அவர்களும் மாறி மாறிப் பாடினர். இடையிடையே ஸ்காட், ஹாப்கின்ஸ், பெட்ஜமன், காஸ்லி முதலிய புலவர்களின் செய்யுட்கள் வாசிக்கப்பெற்றன. நம் சபைகளில் 'பக்தரே வாரும்' என வழங்கும் கீதத்தைப் பாடகர்குழு பாடிற்று. நிகழ்ச்சி வீடற்றோர்க்கு உதவும் பொருட்டு நடந்தது. அதன் இசைப்பதிவும் 2009இல் வெளிவந்தது.

கேரல் என்னும் சொல்

கேரல் என்னும் சொல் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அம்மொழியில் அது கைகோத்து வட்டமாய்ச் சுற்றி ஆடிக்கொண்டே பாடும் பாட்டைக் குறித்தது. நம் மகளிர் ஆடும் கும்மியை மனத்திற் கொண்டால் இதன் இயல்பு எளிதில் விளங்கும். கோயில் முற்றங்களில் இவ்வாட்டம் நிகழ்வதை இடைக்காலக் குருமார் பன்முறை கண்டித்தனர். ஆயினும் மக்கள் விட்டாரில்லை. நாளடைவில் ஆட்டம் நீங்கிற்று, பாட்டு நிலைத்தது. 1647இல் ஆங்கிலப் பாராளுமன்றம் கிறிஸ்மஸ் பண்டிகையையே விலக்கி ஆணை பிறப்பித்தது. 1660இல் முடியாட்சி மீண்டபோது பண்டிகையும் மீண்டது. இத்துணை இடர்க்கும் கேரல் அழியாது பிழைத்ததற்குக் காரணம், அது ஆலயத்தின் ஏட்டில் மட்டுமன்றித் தெருவாரின் நாவிலும் வாழ்ந்தமையே. இதனால், கேரல் தெருவிற் பிறந்து ஆலயத்துள் அழைக்கப்பெற்ற விருந்து என்பது தேற்றம்.

முதற் சான்று: இசைக்கருவி

அன்று பாடகர்குழு பாடியவற்றுள் ஒன்று, தமிழில் 'ஒப்பில்லா திரு இரா' என நாம் அறிந்த கீதம். இது 1818ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள், ஆஸ்திரியாவிலுள்ள ஓபெர்ன்டார்ஃப் என்னும் சிற்றூர்க் கோயிலில் முதன்முதல் பாடப்பெற்றது. சொல் அமைத்தவர் யோசேப்பு மோர் என்னும் குருவானவர். இசை அமைத்தவர் பிரான்ஸ் குரூபர் என்னும் பள்ளியாசிரியர். பக்கத்துணையாக ஒலித்தது யாது? ஆர்கன் அன்று, கித்தார். அதனை மீட்டியவரும் மோர் குருவானவரே. அன்று ஆர்கன் பழுதுற்றிருந்தது என்பது பின்னாளில் எழுந்த கதை. கித்தார் ஒலித்தது என்பதோ உறுதியான செய்தி. இன்று உலகனைத்தும் தூயதென்று போற்றும் கீதம் கித்தாரின் மடியில் பிறந்ததாயின், கித்தார் ஆலயத்துக்கு அயலானது என்று கூறுதல் யாங்ஙனம் பொருந்தும்?

ஆங்கில நாட்டின் வரலாறும் இதற்குத் துணை நிற்கும். 18ஆம் நூற்றாண்டிலும் அதன் பின்னும் ஊர்க்கோயில்கள் பலவற்றின் மேற்கு மாடத்தில் பிடில், கிளாரினெட், பஸூன் முதலிய கருவிகளைக் கொண்டு ஊர்மக்கள் வாசித்துவந்தனர். 19ஆம் நூற்றாண்டில் ஆர்கனும் ஆர்மோனியமும் வந்து அவர்களை வெளியேற்றின. அவ்வெளியேற்றத்தின் துயரைத் தாமஸ் ஹார்டி 1872இல் வெளியிட்ட புதினமொன்றில் காணலாம். அங்ஙனமாயின், இன்று நாம் பழமையெனப் போற்றும் ஆர்கன் அவ்வூர்க்கோயில்களில் ஒருகாலத்துப் புதுமையாக வந்து பழையோரைத் துரத்தியதே. கருவிக்குத் தூய்மையும் தீட்டும் இல்லை. வாசிப்பார் கருத்துக்கே அவை உள.

இரண்டாம் சான்று: பாட்டின் பயணம்

அன்று ஒலித்த மற்றொன்று 'கௌதேத்தே' என்னும் இலத்தீன் கீதம். மகிழுங்கள் என்பது அச்சொல்லின் பொருள். இது 1582இல் செருமானிய நாட்டுக் கிரைப்ஸ்வால்ட் நகரில் அச்சான 'பியே கந்தியோனஸ்' என்னும் தொகைநூலில் உள்ளது. அத்தொகை பின்லாந்தின் துர்க்கு நகரத்துப் பேராலயப் பள்ளியோடு தொடர்புடையது. பள்ளி மாணாக்கர் பாடிய பாட்டுகள் அதன்கண் பல.

நூற்றாண்டுகள் பல கடந்து இக்கீதத்தை ஆங்கிலப் பொதுமக்களின் செவிக்குக் கொணர்ந்தவர் யாவர்? குருமாரோ பேராசிரியரோ அல்லர். ஸ்டீலை ஸ்பான் என்னும் நாட்டுப்புற ராக் குழுவினர். இசைக்கருவி எதுவுமின்றி அவர்கள் பாடிய பதிவு, 1973இல் பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் 14ஆம் இடம்வரை ஏறிற்று. இலத்தீன் அறியாத இளைஞரும் இலத்தீனிற் பாடினர். தூய பிரைடு ஆலயத்தில் 2008இல் பாடகர்குழு அதே கீதத்தைப் பாடியபோது, கேட்டாருட் பலர் அதனை ராக் குழுவின் வாயிலாகவே முன்னர் அறிந்திருத்தல் கூடும். திருச்சபை தன் பெட்டகத்துள் வைத்து மறந்ததைத் தெருவார் எடுத்து மெருகிட்டுத் திருப்பித் தந்தனர் எனலாம்.

மூன்றாம் சான்று: ஈகை

நிகழ்ச்சியின் இறுதியில் குழுவினர் வாசித்தது, 'காட் ரெஸ்ட் யீ மெர்ரி ஜென்டில்மென்' என்னும் பழங்கேரலின் மெட்டு. வில்லியம் சாண்டிஸ் 1833இல் வெளியிட்ட தொகையில் இடம்பெற்ற இக்கேரலைச் சார்லஸ் டிக்கன்ஸ் 1843இல் தம் கிறிஸ்மஸ் கதையில் அமைத்திருக்கும் திறம் ஊன்றி நோக்கற்பாலது.

கருமியாகிய ஸ்குரூஜிடம் ஏழைகளின்பொருட்டுப் பொருள் வேண்டி இருவர் வருகின்றனர். சிறைச்சாலைகளும் ஏழை விடுதிகளும் இல்லையோ என்று வினவி அவர்களை அவன் போக்கிவிடுகின்றான். பின்னர்க் குளிரால் நடுங்கும் சிறுவன் ஒருவன் கதவின் சாவித்துளை வழியே இக்கேரலைப் பாடத் தொடங்குகின்றான். ஸ்குரூஜ் கோலை ஓங்குகின்றான், சிறுவன் ஓடிவிடுகின்றான். அன்றிரவு தன் இளமைக் காலத்தைக் காணும்போது அவனுள்ளத்தில் முதன்முதல் எழும் இரக்கம் யாது? அப்பாடும் சிறுவனுக்கு ஏதேனும் கொடுத்திருக்கலாமே என்னும் ஏக்கமே. அவன் மனமாற்றத்தின் முதல் துளிர் இதுவே. கேரலைக் கேட்டும் கைவிரியாதவன் கேரலைக் கேளாதவனே என்பது டிக்கன்ஸ் உணர்த்தும் குறிப்பென்று கருதுகின்றோம்.

ஜெத்ரோ டல் குழுவின் வரலாற்றிலும் இக்குறிப்பு ஓடுகின்றது. 1968இல் அவர்கள் பாடிய 'எ கிறிஸ்மஸ் சாங்' என்னும் பாட்டு, உண்டும் குடித்தும் களித்திருந்து பிறர் துயரை மறப்போரை இடித்துரைப்பது. 1971இல் வெளிவந்த 'அக்வாலங்' என்னும் தட்டின் தலைப்புப் பாட்டோ வீடற்ற முதியவர் ஒருவரைப் பற்றியது. தேம்சு நதிக்கரையில் அலைந்து திரிந்தோரை ஆண்டர்சனின் அக்காலத்து மனைவியார் எடுத்த புகைப்படங்களே அதற்குக் கரு. அருவருப்பும் அச்சமும் இரக்கமும் கலந்த பார்வை அப்பாட்டிலுள்ளது. தேம்சுக் கரையிலிருந்து தூய பிரைடு ஆலயம் சில நிமிட நடைத் தொலைவே. 1971இல் பாட்டுக்குப் பொருளான மனிதரின் உடன்பிறந்தார்க்கே, 37 ஆண்டுகட்குப் பின் பாட்டின் பொருள் சென்றது. பாடப்பட்டவர்க்குக் கடன் திரும்பியது என்று இதனைக் கொள்ளலாம்.

தடையும் விடையும்

இனி, தடை கூறுவார் இருவர் உளர். முதலாமவர் கூறுவது: ஆண்டர்சன் கிறிஸ்தவ விசுவாசத்தை அறிக்கையிட்டவர் அல்லர்; 'அக்வாலங்' தட்டின் மறுபக்கத்தில் நிறுவனச் சமயத்தை வன்மையாகச் சாடியவர். அத்தகையவர் ஆலயத்தில் கிறிஸ்து பிறப்பைப் பாடுதல் பொய்ம்மையன்றோ?

இத்தடை எளிதில் தள்ளத்தக்கதன்று. விசுவாசமின்றிப் பாடும் பாட்டு வழிபாடு ஆகாது என்பதை யாமும் உடன்படுகின்றோம். ஆயின் அவர் தம்மை விசுவாசியெனக் கூறி எவரையும் மயக்கவில்லை; தம் நிலையை வெளிப்படையாகவே உரைத்திருக்கின்றார். இங்கிலாந்தின் பேராலயங்கள் பலவற்றிலும் கிறிஸ்மஸ் காலத்தில் பாடி, அப்பேராலயங்களின் பராமரிப்புக்குப் பொருள் ஈட்டித் தந்தும் வருகின்றார். ஆண்டவர் உரைத்த இரு குமாரர் உவமையை ஈண்டு நினைவுகூர்க. போகேன் என்று மறுத்தவன் பின் மனம் மாறித் தோட்டத்துக்குச் சென்றான். போகின்றேன் என்றவனோ சென்றிலன். தந்தையின் சித்தம் செய்தவன் யார் என்று வினவப்பட்டபோது, கேட்டோர் தந்த விடை நாமறிந்ததே. ஏழைக்கு இரங்கும் அயலானைப் பழித்தற்கு, இரங்காத நமக்கு வாய் இல்லை.

இரண்டாமவர் கூறுவது: ஒரு நாளிரவு பாடிப் பொருள் திரட்டுவதால் வீடற்றோர்க்கு வீடு வந்துவிடுமோ? கேட்டவர் மனச்சான்று உறங்குதற்கே இது தாலாட்டு ஆகாதோ?

இத்தடையே முன்னதினும் வலிது. பாட்டைக் கேட்டு நுகர்ந்த இன்பத்தையே செய்த அறமென்று மயங்குதல் மனித இயல்பு. நீதியின்றிப் பாடும் பாட்டைத் தேவன் வெறுக்கின்றார் என்று ஆமோஸ் தீர்க்கதரிசி இடித்துரைத்தது, ராக் இசையை நோக்கியன்று. ஆலயத்தார் முறைப்படி பாடிய தூய இசையை நோக்கியே. ஆதலின் இத்தடை ராக் குழுவினர்க்கு மட்டும் உரியதன்று. வெள்ளங்கி அணிந்த பாடகர்குழுவுக்கும், டிசம்பர் இரவுகளில் வீடுதோறும் சென்று பாடும் நமக்கும் ஒப்ப உரியது.

முடிபு

மூன்று சான்றுகளானும் பெறப்படுவன இவை. கருவியைக் கொண்டு கேரலின் தகுதியை அளத்தல் ஆகாது. முதற்கீதம் இதற்குச் சான்று. பாடுவார் எத்தெருவிலிருந்து வந்தார் என்பதனைக் கொண்டும் அளத்தல் ஆகாது. இரண்டாம் கீதம் இதற்குச் சான்று. கேரலை அளக்கத் தக்க கோல் ஒன்றே உண்டு. பாடி முடித்தபின் கதவுக்கு வெளியே குளிரில் நிற்பவனுக்கு அப்பாட்டால் யாது கிடைத்தது என்பதே அக்கோல். மூன்றாம் கீதம் இதற்குச் சான்று.

மாட்டுத்தொழுவில் இடம் பெற்றவரைப் பாடுவோர், அவ்விடமும் பெறாதவரை மறத்தல் கூடாது. மாணவ நண்பர்காள்! வருகின்ற கிறிஸ்மஸ் காலத்தில் நாம் கேரல் பாடப் புறப்படும்போது, மெட்டும் தாளமும் பிழையாவண்ணம் பயில்வோம், அது நன்று. அதனோடு, உண்டியலில் விழும் காசு எவர் கைக்குச் செல்லவேண்டும் என்பதனையும் புறப்படுமுன்னரே கூடித் தீர்மானிப்போம். அத்தீர்மானமும் கேரற் பயிற்சியின் ஒரு பகுதியே.