தென்பரைச் சங்கமும் நம்ம தார்க் கணக்கும்



போன மாதக் கூட்டத்தில் தாராசுரம் குழு ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுந்து கேட்டார்: "சேமிப்பு கட்டறோம், கடன் வாங்கறோம், வட்டியோட திருப்பிக் கட்டறோம். சங்கம்னா இவ்வளவுதானா? கூலியைப் பத்தி நாம வாயே திறக்கக் கூடாதா?" கூட்டத்தில் சத்தமே இல்லை. அவர் ஏன் கேட்டார் என்பது பலருக்கும் தெரியும். போன வருஷம் அந்தத் தெருவில் நாலு பெண்கள் தார் சுத்துறதுக்குத் தனியாகக் கூலி போட்டுத் தரணும் என்று கேட்கப் போனார்கள். ஆளுக்கொரு நாளாக, ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தர் போனார்கள். அடுத்த வாரம் பட்டு வேறு தெருவுக்குப் போய்விட்டது. வீட்டில் ஏச்சு வாங்கினதுதான் மிச்சம்.

அந்தக் கேள்விக்காகத்தான் இந்த மாதப் பாடம். கட்சி பேச வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நம்ம கூட்டமைப்பில் எல்லாக் கட்சி வீட்டுப் பெண்களும் இருக்கிறோம், அப்படியே இருப்போம். ஆனால் கூலி கேட்க ஒரு ஊர்க் கிளையை எப்படிக் கட்டுவது என்று நம்ம காவிரிப் படுகையில் ஏற்கெனவே ஒருமுறை செய்து பார்த்திருக்கிறார்கள். அதைத் தெரிந்துகொள்ளாமல் நாம் புதுசாக அடிபட வேண்டியதில்லை.

1934ஆம் வருஷம் மேட்டூர் அணை திறந்தார்கள். அதே வருஷம் காங்கிரசுக்கு உள்ளேயே காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சி என்று ஒன்று ஆரம்பித்தார்கள். வெள்ளைக்காரன் போனால் போதுமா, உழுகிறவனுக்கும் நெய்கிறவனுக்கும் என்ன கிடைக்கும் என்று கேட்டவர்கள் அதில் சேர்ந்தார்கள். நம்ம பக்கம் ஜீவானந்தம், பி. ராமமூர்த்தி எல்லாம் அதில் வேலை செய்துவிட்டுப் பிறகு கம்யூனிஸ்ட் கட்சிக்குப் போனவர்கள்தான். பேச்சும் மாநாடுமாக இருந்த அந்தக் கொள்கை சேரிக்குள்ளே காலடி வைத்தது 1943இல். பி. சீனிவாசராவ் என்பவர் தஞ்சை ஜில்லாவுக்கு வந்தார். கன்னடம் பேசும் பிராமணக் குடும்பம். மன்னார்குடி பக்கம் தென்பரை கிராமத்தில் விவசாயிகள் சங்கத்தின் கிளையை அமைத்தார்கள். நம்ம ஊரிலிருந்து வலங்கைமான், நீடாமங்கலம் வழியாகப் போனால் அந்தப் பக்கம்தான்.

அப்போது நிலைமை எப்படி என்பதை நம்ம மாமியார்களிடம், பாட்டிகளிடம் கேளுங்கள். பண்ணையாளைச் சாட்டையால் அடிப்பார்கள். சாணியைக் கரைத்துக் குடிக்க வைப்பார்கள். அதற்குச் சாணிப்பால் என்று பேர் வேறு. நெல் அளக்கிற மரக்காலும் ஒரே மாதிரி இருக்காது. மரக்கால்னா இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது, பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். வாங்கும்போது ஒரு மரக்கால், கூலி கொடுக்கும்போது வேறொரு மரக்கால். கையில் வாங்கின நெல்லை வீட்டில் வந்து அளந்தால் குறையும்.

சீனிவாசராவும் அவரோடு இருந்தவர்களும் சேரியிலேயே தங்கினார்கள், அங்கேயே சாப்பிட்டார்கள். மேல்சாதிக்காரர் ஒருத்தர் சேரிக் குடிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்பதே அப்போது பெரிய சேதி. வேலை முடிந்து ஜனங்கள் திரும்பிய பிறகு, ராத்திரியில்தான் கூட்டம். சோஷலிசம் என்றால் என்ன என்று அவர்கள் பாடத்தைத் தொடங்கவில்லை. அடிக்கக் கூடாது, சாணிப்பால் கொடுக்கக் கூடாது, முத்திரை போட்ட மரக்காலில் அளக்கணும். இப்படி, கேட்கிற யாருக்கும் உடனே புரிகிற கோரிக்கைகளாக எடுத்தார்கள். பெரிய கொள்கையைச் சின்ன மரக்காலுக்குள் அடக்கினார்கள் என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம்.

அடுத்து கவனிக்க வேண்டியது நேரம். ஆற்றில் தண்ணி வந்து, நாற்று வளர்ந்து நிற்கிறது என்றால் நடவு காத்திருக்காது. நாற்று முத்திப்போனால் மகசூல் போச்சு. விளைந்து சாய்ந்த கதிரும் காத்திருக்காது, மழை வந்தால் வயலிலேயே முளைத்துவிடும். மற்ற நாளில் மிராசுதாருக்குக் கூலியாள் தயவு தேவையில்லை. அந்தப் பத்து இருபது நாளில் தேவை. அந்த நாளில், எல்லாத் தெருவும் சேர்ந்து, ஒரே வாயாகக் கேட்டார்கள். நம்ம நாலு பெண்கள் கேட்டதற்கும் இதற்கும் எங்கே வித்தியாசம் என்று யோசித்துப் பாருங்கள்.

1944இல் மன்னார்குடியில் மிராசுதார்களும் சங்கத்தாரும் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் எழுதினார்கள். சாட்டையடியும் சாணிப்பாலும் நிறுத்தப்பட வேண்டும் என்பது காகிதத்தில் ஏறியது. எழுதினவுடனே எல்லாம் மாறிவிடவில்லை. அதற்குப் பிறகும் போராட்டம், கைது, அடக்குமுறை என்று வருஷக்கணக்கில் போனது. 1950இல் வாட்டாக்குடி இரணியன், ஜாம்பவானோடை சிவராமன் போன்ற இளைஞர்கள் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். 1952 ஆகஸ்டில் ராஜாஜி அரசாங்கம் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் கொண்டு வந்தது. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல், அதாவது 6 ஏக்கர் 67 சென்டுக்கு மேல் நிலம் வைத்திருப்பவர்களுக்கு அது பொருந்தியது. குத்தகைதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு என்று ஆனது. பண்ணையாளைக் கண்டபடி விரட்ட முடியாது என்று ஆனது. உடனே என்ன செய்தார்கள் தெரியுமா? பல இடங்களில் பண்ணையாளே வேண்டாம், தினக்கூலி போதும் என்று மாற்றிக்கொண்டார்கள். சட்டம் வந்தால் சந்தும் வரும், அதையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் புத்தகங்களில் இருக்கிறது. நமக்கு வேண்டிய விஷயம் புத்தகங்களில் குறைவாக இருக்கிறது. பெண்கள் எங்கே?

பண்ணையாள் முறை என்றால் ஒரு ஆணை வைத்துக்கொள்வது மட்டும் இல்லை. அவன் பெண்டாட்டி, பிள்ளைகள் உழைப்பும் சேர்த்துத்தான். நடவு, களையெடுப்பு எல்லாம் பெண்கள் கை. ஆனால் ஆள் என்று பெயர் அவனுக்கு. கூலி உயர்ந்தபோதும் ஆணுக்கு ஒரு அளவு, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த அளவு என்றுதான் எழுதினார்கள். கொடி பிடித்துப் போனபோது குறைந்த அளவாகவா நடந்தார்கள்? இதை நாம் குறையாகச் சொல்லத்தான் வேண்டும். அவர்கள் செய்த மற்ற நல்லதை மறுத்துச் சொல்லவில்லை.

பெயர் நின்றுபோன ஒரு பெண் மணலூர் மணியம்மாள். பிராமணக் குடும்பத்தில் பிறந்து, சின்ன வயதில் விதவையானவர். முடியை வெட்டிக்கொண்டு, வேட்டியும் சட்டையும் போட்டுக்கொண்டு, சிலம்பம் கற்றுக்கொண்டு, திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்துக் கூலி ஜனங்களோடு நின்றார். 1953இல் மான் முட்டி இறந்தார் என்றால் கதை மாதிரி இருக்கும், ஆனால் நடந்ததே அதுதான். எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன் அவரைப் பற்றி விசாரித்து 'பாதையில் பதிந்த அடிகள்' என்று நாவலாக எழுதினார். மணியம்மாளுக்கு ஒரு ராஜம் கிருஷ்ணன் கிடைத்தார். அவரோடு வரப்பில் நடந்த நூற்றுக்கணக்கான பெண்களின் பெயரை எந்த மினிட் நோட்டும் எழுதி வைக்கவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து போனார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலி கூடக் கேட்டதும், சங்கத்தை விட்டு விலக மறுத்ததும்தான் அதற்குப் பின்னால் இருந்த காரணம். கூலி கேட்க உங்களைப் பயமுறுத்துகிறவர்கள் வீட்டுக்குள்ளேயும் இருப்பார்கள். அவர்கள் பயத்தில் நியாயமே இல்லை என்று எங்களால் சொல்ல முடியாது. அதனால்தான் தனியாகப் போகாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

இப்போது நம்ம தெருவுக்கு வருவோம். ஐராவதேசுவரர் கோயிலைப் பார்க்க வருகிறவர்கள் தறிச் சத்தத்தையும் கேட்டுவிட்டுப் போகிறார்கள். தறியில் உட்கார்ந்தவர் பெயரில் புடவைக் கூலி வருகிறது. விடியற்காலை எழுந்து ராட்டையில் தார் சுத்தி, தார்க்குச்சியை எடுத்து நீட்டுகிற கை அந்தக் கணக்கில் இல்லை. பண்ணையாள் பெண்டாட்டி கதைதான் இது, மரக்காலுக்குப் பதில் புடவை. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில் நெசவாளர்களையும் தார் சுத்துறது போன்ற துணை வேலை செய்கிறவர்களையும் சேர்த்து நாட்டில் சுமார் 35 லட்சம் பேர் என்று வந்தது. அதில் பெண்கள் பாதிக்கு மேல். கணக்கெடுப்பில் நாம் தொழிலாளி. வீட்டில் 'கூட மாட ஒத்தாசை'.

காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சியின் தலைவராக 1936இல் ஒரு பெண் இருந்தார், கமலாதேவி சட்டோபாத்யாய். சுதந்திரத்துக்குப் பிறகு பதவி தேடிப் போகாமல் கைவினைக்கும் கைத்தறிக்கும் உழைத்தவர். இன்னொருத்தர் பம்பாயில் மிருணாள் கோரே, அவரும் சோஷலிஸ்ட்தான். குடிதண்ணீருக்காகப் போராடிப் போராடி 'தண்ணீர்க்காரம்மா' என்ற அர்த்தத்தில் ஜனங்களே பெயர் வைத்துவிட்டார்கள். 1972இல் விலைவாசி ஏறினபோது அவரும், கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்த அகில்யா ரங்னேகரும் ஒரே கமிட்டியில் உட்கார்ந்தார்கள். வீட்டுப் பெண்கள் பூரிக்கட்டையை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். கட்சி வேறு வேறாக இருந்தாலும் கோரிக்கை ஒன்றாக இருந்தால் உட்கார முடியும் என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

சரி, நாம் என்ன கேட்பது? அது இன்னும் முடிவாகவில்லை. தார் கூலி தனியாக வேண்டும் என்று சிலர், புடவைக் கூலியிலேயே ஒரு பங்கு நம்ம பெயரில் வங்கியில் போட வேண்டும் என்று சிலர். இரண்டாவது நடந்தால் வீட்டில் சண்டை வரும் என்று ஒரு அக்கா சொன்னார், எல்லாரும் சிரித்தோம், ஆனால் உண்மைதான். எது கேட்பதானாலும் ஒரு புடவைக்கு எத்தனை தார், எத்தனை மணி நேரம் என்று நம்மிடம் கணக்கு வேண்டும். நம்ம மரக்கால் அதுதான். கல்யாண சீசனுக்கும் தீபாவளிக்கும் ஆர்டர் குவிகிற மாதங்கள் எவை, சும்மா இருக்கிற மாதங்கள் எவை என்றும் குறித்துக்கொள்ள வேண்டும்.

அதற்காக ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு கொடுத்திருக்கிறோம். முதல் பக்கத்தில் தார் சுத்துகிற ஒவ்வொருத்தர் பெயரும், "இன்னார் மனைவி" என்று இல்லாமல், அவரவர் பெயராகவே எழுதுங்கள். அடுத்த பக்கத்திலிருந்து தினம் சுத்தின தார். எழுத வராதவர்கள் தாருக்கு ஒரு கோடு போட்டால் போதும், ஊக்குநர் எண்ணிக்கொள்வார். ஐப்பசி மாதக் கூட்டத்துக்கு நோட்டோடு வாருங்கள். மாமியார் தடுத்தால் அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவரும் நாற்பது வருஷம் சுத்தினவர்தான்.