நாகரிகம் என்னும் கணினி விளையாட்டின் இசை

கணினி விளையாட்டின் இசையைக் குறித்துக் கல்லூரி மலரிலே ஒரு கட்டுரையா என்று அன்பர் சிலர் வினவக்கூடும். அவ்வாறு வினவுதல் இயல்பே. யாமும் சில ஆண்டுகளுக்குமுன் அங்ஙனமே எண்ணியிருந்தோம். ஆயினும், அமெரிக்க நாட்டில் இசைத் துறையினர்க்கு ஆண்டுதோறும் அளிக்கப்படும் கிராம்மிப் பரிசு 2011-ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்களில் ஒரு விளையாட்டுக்கென இயற்றப்பட்ட பாடலுக்கு முதன்முறையாக வழங்கப்பட்டது என்பதையும், அப்பாடலின் சொற்கள் நம் ஆண்டவர் தம் சீடர்க்குக் கற்பித்த பரமண்டல ஜெபமே என்பதையும், அது சுவாஹிலி மொழியிற் பாடப்பட்டது என்பதையும் அறிந்தபின், இப்பொருளை ஒதுக்கிவிட எமக்கு மனம் வரவில்லை. ஆதலின் 'ஸிவிலிஸேஷன்', அஃதாவது நாகரிகம், எனப் பெயரிய விளையாட்டு வரிசையின் இசையை இயற்றினோர் யாவர், அவர் மேற்கொண்ட நெறிகள் யாவை என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

விளையாட்டின் அமைப்பை அறியாதார்க்கு ஒரு சொல். ஸிட் மெய்யர் என்பார் வகுத்த இதனை மைக்ரோபுரோஸ் என்னும் நிறுவனத்தார் 1991-இல் வெளியிட்டனர். ஆடுவோன் ஒரு மக்கட் கூட்டத்தின் தலைவனாகிக் கி.மு. 4000-ஆம் ஆண்டில் முதல் ஊரை அமைக்கின்றான். பின்னர் எழுத்து, உழவு, கப்பல், அச்சு, மின்சாரம் என ஒவ்வொன்றாகக் கற்று, அண்டை நாட்டாரோடு வாணிபமும் போரும் புரிந்து, ஈற்றில் விண்மீனை நோக்கிக் கலம் செலுத்தும் நிலையை அடைகின்றான். ஆறாயிரம் ஆண்டுச் சரித்திரம் ஓர் இரவில் நடந்துவிடுகின்றது. ஓர் இரவில் என்றது குறைத்துச் சொன்னதே. மாணவர் பலர் பல இரவுகளை இதற்குப் பலியிட்டுள்ளனர் என்பது விடுதிக் காப்பாளர் அறிந்த செய்தி.

முதல் விளையாட்டின் இசையை அமைத்தவர் ஜெப் பிரிக்ஸ் என்பவர். இவர் ஈஸ்ட்மன் இசைப் பள்ளியில் இசையியற்றும் கலையிற் கற்றுத் தேர்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். அத்தகைய புலமையுடையார்க்கு அந்நாளிற் கிடைத்த கருவியோ மிகச் சிறிது. பல கணினிகளில் ஒரு நேரத்தில் ஓரொலியையே எழுப்பவல்ல சிற்றொலிப்பான் ஒன்றே இருந்தது. 'ஆட்லிப்' என்னும் ஒலியட்டையைத் தனியே வாங்கிப் பொருத்தினோர்க்கும் ஒரே நேரத்தில் ஒன்பது குரல்களே கிட்டின. அவையும் வயலினோ குழலோ அல்ல, மின்னலைகளைக் கலந்து அவற்றைப்போல் ஒலிக்கச் செய்தவை. இக்குறுகிய எல்லைக்குள் நின்று, ஒவ்வொரு நாட்டாரையும் அடையாளங் காட்டச் சிறு மெட்டு ஒவ்வொன்று அமைத்தார் பிரிக்ஸ். ஒரு மக்களினத்தைச் சில நொடிப் பொழுதில் ஒலிக்கும் மெட்டினால் குறித்துவிடலாமோ என்னும் வினா அன்றே பிறந்துவிட்டது. இவ்வரிசையின் இசை வரலாறு முழுதும் அவ்வினாவுக்கு விடை தேடும் முயற்சியே என்பது எம் கருத்து.

இரண்டாவது, மூன்றாவது விளையாட்டுக்களை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 2005-இல் வெளிவந்த நான்காவதிலேதான் பெருமாற்றம் நிகழ்ந்தது. அதற்குள் இசைத்தட்டில் உள்ளவாறே இசையைக் கேட்பிக்கும் ஆற்றல் கணினிக்கு வந்துவிட்டது. ஆதலால் அதனை அமைத்தோர் புதிதாக இயற்றியவற்றோடு, ஐரோப்பிய இசை மேதைகளின் படைப்புக்களையும் எடுத்து யுகந்தோறும் பகிர்ந்து வைத்தனர். இடைக்காலத்தில் திருச்சபைப் பாடல்கள். மறுமலர்ச்சிக் காலத்தில் பாக், மோஸார்ட், பீத்தோவன். இயந்திரக் காலத்தில் டிவோர்ஷாக், பிராம்ஸ் முதலியோர். இக்காலத்திற்கோ ஜான் ஆடம்ஸ் என்னும் அமெரிக்கர் ஒருவரே.

இவற்றுள் இரண்டினைப்பற்றிச் சற்று நின்று நோக்குவோம். இடைக்காலப் பகுதியில் அல்லெக்ரி என்பார் இயற்றிய 'மிஸெரெரே' ஒலிக்கின்றது. இது 51-ஆம் சங்கீதத்தின் லத்தீன் வடிவம். ரோமாபுரியிலே போப்பாண்டவரின் ஸிஸ்டைன் ஆலயத்திற்கென அமைக்கப்பட்டது. 1770-இல் பதினான்கு வயதுச் சிறுவனான மோஸார்ட் அவ்வாலயத்தில் இதனைக் கேட்டு, நினைவிலிருந்தே எழுதினான் என்பது புகழ் பெற்ற செய்தி. இது பிறந்ததோ 17-ஆம் நூற்றாண்டில், இடைக்காலத்திற்கு உரியதன்று. எனினும் அக்கால வழுவினும் பெரிதாக எம் மனத்தை உறுத்துவது மற்றொன்று. தாவீது அரசன் உரியாவைப் போர்முனையில் மாய்த்தபின் உள்ளமுடைந்து பாடியதாகச் சொல்லப்படுவது இச்சங்கீதம். இதனைக் கேட்டுக்கொண்டே ஆடுவோன் அண்டை நாட்டு ஊரை முற்றுகையிடுகின்றான்! அமைத்தோர் இதனைக் கருதிச் செய்தனரோ, இனிமை ஒன்றையே நோக்கிச் செய்தனரோ, கேட்போர் செவிக்கு அப்பொருத்தம் வலியது.

ஆடம்ஸின் இசை வேறு வகையது. சிறு ஸ்வரக் கோவை ஒன்று மீண்டும் மீண்டும் ஒலிக்க, அதனுள்ளே ஒரு ஸ்வரம் நழுவி மற்றொன்று புகுந்து, கேட்போன் உணராதபடியே முழுதும் மாறிவிடும். இயந்திரச் சக்கரமும் தொடர்வண்டியும் நிறைந்த உலகிற்கு இந்நெறி நன்கு பொருந்துகின்றது. ஒரு வேலையை முடிக்குமுன் அடுத்ததைத் தொடங்கும் ஆட்டத்திற்கும் இது பொருந்தும். ஏனெனில் இதற்கு முடிவு எங்கே என்று தெரிவதில்லை.

ஆயினும் இவ்வேற்பாட்டில் ஒரு பெருங்குறை உண்டு. ஆடுவோன் மாலி நாட்டு மன்னனாக இருப்பினும், சீனப் பேரரசனாக இருப்பினும், இந்தியத் தலைவனாக இருப்பினும், மறுமலர்ச்சிக் காலம் வந்தவுடன் அவன் கேட்பது பாக்கின் இசையே. நாகரிகம் வளர்தல் என்பது ஐரோப்பிய இசையை நோக்கி நடத்தலே எனச் சொல்லாமற் சொல்வது இது. கர்நாடக சங்கீதத்தின் மும்மூர்த்திகள் பாடிக்கொண்டிருந்த காலமும் பீத்தோவனின் காலமும் ஒன்றே என்பதை நம் மாணவர் மறவார்.

இக்குறையுடைய விளையாட்டின் வாயிலிலேதான் யாம் முதலிற் சொன்ன பாடல் நிற்கின்றது. அதன் பெயர் 'பாபா யெத்து'. எங்கள் பிதாவே என்பது பொருள். இயற்றியவர் கிறிஸ்டபர் டின். இவர் கலிபோர்னியாவில் 1976-இற் பிறந்தவர். ஹாங்காங்கிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகன். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்திலும், பின்னர் லண்டன் ராயல் இசைக் கல்லூரியிலும் பயின்றார். நான்காம் விளையாட்டை வகுத்த ஸோரன் ஜான்ஸன் ஸ்டான்போர்டில் இவரோடு ஓரறையில் வாழ்ந்த நண்பர். அப்பழைய நட்பே இவரை இப்பணிக்கு அழைத்தது. பாடியோரும் அப்பல்கலைக்கழக மாணவரே. 'டாலிஸ்மன்' என்னும் மாணவர் பாடகர் குழு, வாத்தியத் துணையின்றி ஆப்பிரிக்கப் பாடல்களையும் பிறநாட்டுப் பாடல்களையும் பாடுவது. அக்குழுவினரும், தனிக்குரலாக ரான் ராகின் என்பாரும் இதனைப் பாடினர். ஜெபத்தின் சுவாஹிலிச் சொற்களைப் பாடலுக்கேற்ப அமைத்தவர் கிறிஸ் கியாகிரி. உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் கேட்ட பாடல் ஒன்று விடுதியறை நட்பிலும் கல்லூரிப் பாடகர் குழுவிலும் வேரூன்றியது என்பது, கல்லூரி மலரைப் படிப்போர்க்கு உவகை தரும் செய்தியன்றோ!

பாடலின் அமைப்பு எளிது. தனிக்குரல் ஒன்று அழைக்கின்றது. கூட்டத்தார் மறுமொழி கூறுகின்றனர். ஆப்பிரிக்கத் திருச்சபைகளிலே நிலைபெற்ற முறை இது. நம் பஜனைக் கூடங்களிலும் ஒருவர் பாடப் பலர் தொடர்ந்து பாடுவதுண்டு. ஆயின் அங்கே தொடர்வோர் சொன்னதையே பெரும்பாலும் திருப்பிச் சொல்வர். இங்கோ மறுமொழி வேறு மெட்டில் எழுந்து அழைப்பின்மேல் கவிகின்றது. முழவொலி சேர்கின்றது, பின்னர் வயலின்களும் பித்தளைக் குழல்களும் உடன் எழுகின்றன. திரையிலே பூமி உருண்டை மெல்லச் சுழல்கின்றது. இன்னும் எவரும் எவரையும் வெல்லவில்லை; வரைகோடு ஒன்றும் நிலத்தில் இல்லை. அவ்வேளையில் எங்கள் பிதா என்று பலர் கூடி அழைப்பது பொருத்தமே. 'என்' என்னாது 'எங்கள்' என்றமையைக் குறித்து நம் வேதபாட ஆசிரியர்கள் சொல்வதை ஈண்டு நினைவு கூர்தல் தகும்.

புனித ஜெபத்தை விளையாட்டின் வாயிலில் வைப்பது தகுமோ எனச் சிலர் ஐயுறுவர். அதே விளையாட்டில் பௌத்தம், இந்து சமயம், யூதம், கிறிஸ்தவம், கன்பூசியம், தாவோயிசம், இஸ்லாம் என ஏழு சமயங்கள் இடம் பெறுகின்றன. ஏழும் ஒரே பயனையே தருவனவாக வகுக்கப்பட்டுள்ளன. சமயத்தை ஆட்டக்காய் போல வைத்தது எமக்கு உவப்பன்று. ஆயினும் பாடல் அவ்வாறு ஆக்கப்படவில்லை. அதனால் ஆடுவோனுக்கு யாதொரு பயனும் இல்லை; கேட்பதற்கு மட்டுமே அஃது உள்ளது. ஆட்டத்தைத் தொடங்காமல் வாயிலிலேயே இருந்து பாடல் முடியுமளவும் கேட்டதாக ஆட்டக்காரர் பலர் கூறுவதுண்டு.

டின் பின்னர் இப்பாடலைத் தென்னாப்பிரிக்காவின் சோவெட்டோ நற்செய்திப் பாடகர் குழுவைக்கொண்டு மறுபடியும் பதிவுசெய்து, 2009-இல் வெளியிட்ட தம் இசைத்தொகுதியின் தலைப்பிலே வைத்தார். பன்னிரண்டு பாடல்கள், பன்னிரண்டு மொழிகள். ஸம்ஸ்கிருதம், லத்தீன், எபிரேயம், பாரசீகம், மாவோரி முதலியன அவற்றுட் சில. பகல், இரவு, விடியல் என மூன்று பகுதியாய் அமைந்து, ஈற்றுப் பாடல் முதற் பாடலிலே சென்று கலக்கும். பரிசு கிடைத்தது இப்பதிவுக்கே. விளையாட்டு இசைக்கெனத் தனிக் கிராம்மிப் பரிசு 2023-இலேதான் முதன்முதல் வழங்கப்பட்டது.

இனி ஐந்தாவதும் ஆறாவதும். 2010-இல் வந்த ஐந்தாவதற்கு ஜெப் நார், மைக்கேல் கர்ரன் என்னும் இருவர் இசை வகுத்தனர். இவருள் நார் பால்டிமோர் நகரத்துப் பீபாடி இசைக்கல்லூரியிற் பயின்றவர். தலைவர் ஒவ்வொருவர்க்கும் அமைதிக்காலத்துக்கு ஒன்றும் போர்க்காலத்துக்கு ஒன்றுமாக இசை அமைந்தது. 2016-இல் வந்த ஆறாவதிலோ ஒரு நாட்டார்க்கு ஒரு மெட்டைத் தேர்ந்து, அதனையே நான்கு யுகங்களுக்கும் நான்கு வடிவில் வளர்த்தனர். தொடக்கத்தில் ஓரிரு கருவிகள் மட்டும் மெட்டை இசைக்கும். இடைக்காலத்தில் கருவிகள் பெருகும். இயந்திரக் காலத்தில் முழு ஆர்க்கெஸ்ட்ரா எழும். அணுயுகத்தில் அஃது இன்னும் விரியும். அண்டை நாட்டாரைச் சந்தித்தபின் அவர்தம் மெட்டும் இடையிடையே கேட்கும். நான்காவதன் குறை இதனாற் பெரிதும் நீங்கிற்று. ஆனால் முற்றும் நீங்கியதெனச் சொல்லோம். எந்நாட்டு மெட்டாயினும் வளர்ந்து சேருமிடம் ஐரோப்பிய ஆர்க்கெஸ்ட்ராவே. ஒரு பண்ணுக்கு வளர்ச்சி கருவிகளின் பெருக்கத்தால் வருவதன்று. ஒரே வீணையில் ஓர் இராகத்தை இரண்டு நாழிகை விரித்து ஆலாபனம் செய்யும் மரபில் வந்தோர் இதனை எளிதில் உணர்வர்.

மெட்டுக்களின் தேர்வும் ஆராயத் தக்கது. இங்கிலாந்துக்கு 'ஸ்கார்பரோச் சந்தை' என்னும் பழம்பாடல். சீனத்துக்கு 'மல்லிகை மலர்'. இதனை ஜான் பாரோ என்பார் 1804-இல் தம் சீனப் பயண நூலிலே அச்சிட்டார். 1926-இல் அரங்கேறிய பூச்சினியின் 'டூரண்டாட்' என்னும் இசை நாடகத்திலும் இது புகுந்தது. இரஷ்யாவுக்குக் 'கலின்கா'. இதனை நாட்டுப்பாடல் என்றே பலர் கருதுவர். உண்மையில் 1860-இல் லாரியனாவ் என்பார் இயற்றியது. அமெரிக்காவுக்கோ ஸ்டீபன் பாஸ்டர் 1854-இல் வெளியிட்ட, வறியோர் துயரைப் பாடும் பாட்டு. வெற்றி முழக்கத்தை விடுத்து, வாயிலில் நிற்கும் ஏழையை மறவாதீர் என்னும் பொருளுடைய பாட்டை அவ்வளவு செல்வ நாட்டுக்கு அடையாளமாக வைத்த நுண்மையை யாம் மெச்சுகின்றோம்.

எல்லாரும் இவ்வாறு அடையாளங் காட்டப்பெற இசைவதில்லை. ஐந்தாம் விளையாட்டின் விரிவுப் பகுதியில் பியூப்ளோ என்னும் அமெரிக்கப் பழங்குடியினரையும் அவர் தலைவர் போப்பே என்பாரையும் சேர்க்க அமைத்தோர் விரும்பினர். அக்குடியினரின் பெரியோர் இசையவில்லை. அமைத்தோரும் அதற்கு இணங்கி, 2013-இல் ஷோஷோனியரைச் சேர்த்தனர். ஆறாவதில் கனடா நாட்டுக் கிரீ மக்களின் தலைவர் பவுண்டுமேக்கரைச் சேர்க்கப்போவதாக அறிவித்தபோது, பிறர் நிலத்தை வெல்லுதல் எம் முன்னோர் கொள்கையன்று என 2018-இல் அக்குடித் தலைவர் ஒருவர் கண்டித்தார். ஒரு மக்களின் உருவத்தையோ மெட்டையோ எடுத்தல் எளிது; கேட்டுப் பெறுதல் வேறு. முன்னதில் அமைத்தோர் நடந்துகொண்ட முறையே எமக்கு உவப்பானது.

ஆறாவதன் தலைப்புப் பாடலையும் டின்னே இயற்றினார். பறத்தலின் கனவு என்னும் பொருளுடைய அவ்விதாலியப் பாடல், லியோனார்டோ டா வின்சியின் எழுத்துக்களைத் தழுவிச் சியாரா கோர்டெஸ் அமைத்தது. 2016 ஜூலையில் லண்டன் கடோகன் மண்டபத்தில் ராயல் பில்ஹார்மானிக் குழுவினர் இதனை அரங்கேற்றினர். வானிற் பறக்க மனிதன் முயன்ற வரலாற்றைப் பாடும் பெருந்தொகுதி ஒன்று 2020-இல் இதனையே முதலாகக் கொண்டு எழுந்தது. 2025 பெப்ருவரியில் வெளிவந்த ஏழாவதற்கும் அவரே பாடல் தந்தார். அதில் ஹோமரின் கிரேக்கம் ஒலிக்கின்றது.

அவ்வேழாம் விளையாட்டில் இந்தியாவிலிருந்து மௌரியரும் மொகலாயரும், அவர்க்கிடைப்பட்ட யுகத்தில் சோழரும் இடம் பெற்றனர். பண்ணும் தாளமும் கற்ற நம் மாணவர் எவரேனும் சோழர்க்குரிய இசையைச் செவ்வனே கேட்டு, அதில் வரும் ஸ்வரங்களை எழுதி, எப்பண்ணின் சாயல் உளது, எக்கருவிகள் மெய்யாகவே நம்முடையன என ஆராய்ந்து எழுதுவாராயின், அக்கட்டுரையை அடுத்த மலரிற் காண விழைகின்றோம்.