விரிசல் விட்ட பல்லும் விருத்தாசலம் பீங்கானும்

ஒன்பதாம் வகுப்பில் செரிமான மண்டலம் நடத்தும்போது பல் வாய்பாட்டைச் சொல்லிவிட்டு இரைப்பைக்குப் போய்விடுகிறோம். பல்லையும் ஒரு பொருளாகப் பார்க்க வைக்க எங்கள் ஊரில் கைக்கெட்டும் துணைக்கருவி செராமிக். அகல்விளக்கு, பொம்மை, ஃப்யூஸ் கேரியர், இன்சுலேட்டர் எல்லாம் இங்கே சூளையில் வேகின்றன.

நல்ல கோப்பை ஒன்றையும் விரிசல் விட்ட கோப்பை ஒன்றையும் மாணவர்கள் பென்சிலால் தட்டட்டும். ஒன்று கணீரென்று ஒலிக்கும். மற்றது ‘டப்’பென்று அடங்கும். அடுத்து, விரிசலின் மேல் மை தடவி ஈரத்துணியால் துடைத்தால் கோடு மட்டும் நிற்கும். இன்சுலேட்டர் துண்டைச் சாயத்தில் அழுத்தி வைத்து நுண்துளை சோதிப்பதும், பல் மருத்துவர் மெத்திலீன் நீலம் தடவி விரிசலைத் தேடுவதும் இதே வழிதான்.

எனாமலின் எடையில் சுமார் 96 விழுக்காடு கனிமம். பீங்கானைப் போலவே அழுத்தத்தைத் தாங்கும். இழுத்துப் பிளக்கும் விசையைத் தாங்காது. விரிசலின் நுனியில் விசை குவிவதால் ஒவ்வொரு கடியும் அதைச் சற்று நீட்டுகிறது. எலும்பு முறிந்தால் கூடும். எனாமல் கூடாது, அதை உருவாக்கிய செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன.

விரிசல் வழியே கிருமி பற்கூழை அடைந்தால்தான் ரூட் கேனல் சிகிச்சை தேவைப்படுகிறது. அதில் பற்கூழை நீக்கி, வேர்க்குழாயைச் சுத்தம் செய்து அடைக்கிறார்கள். வலி போய்விடும். விரிசல் அப்படியே இருக்கும்! மாணவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் இது. வீட்டில் பலர் வலி நின்றதும் சிகிச்சை முடிந்ததென்று உறை போடாமல் விட்டுவிடுகிறார்கள். செலவும் ஒரு காரணம்தான்.

அப்படியானால் அந்தப் பல் நிலைக்குமா? சிங்கப்பூரில் ஏறத்தாழ 50 பற்களைத் தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியான ஆய்வில், இரண்டு ஆண்டுகளில் 85.5 விழுக்காடு பற்கள் நிலைத்திருந்தன. ஒன்றுக்கு மேற்பட்ட விரிசல் உள்ள பல், வரிசையின் கடைசிப் பல், ஈறு ஆழமாக விலகிய பல் ஆகியவை அதிகம் இழக்கப்பட்டன. எண்ணிக்கை சிறிது என்பதையும் வகுப்பில் சொல்லுங்கள். விழுக்காட்டைப் படிக்கும் பயிற்சியும் ஆகும்.

உறை என்ன செய்கிறது என்பதற்கு மாட்டுவண்டிச் சக்கரம் போதும். சூடேற்றி மாட்டிய இரும்புப் பட்டா குளிர்ந்து இறுகி மரத்துண்டுகளைப் பிரியவிடாமல் பிடிக்கிறது. பல்லைச் சுற்றி வரும் உறையும் இரு பாதிகளை விலகவிடாது. இன்று அந்த உறையே பெரும்பாலும் செராமிக்தான் என்றால் எங்கள் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். ஆனால் விரிசல் வேர்வரை பிளந்துவிட்டால் உறையாலும் பயனில்லை. பெரும்பாலும் பிடுங்கத்தான் வேண்டும்.

கடிக்கும்போதோ கடித்துவிட்டு வாயைத் திறக்கும்போதோ சுருக்கென்று வலிப்பதாக ஒரு பிள்ளை சொன்னால் பெற்றோரிடம் தெரிவியுங்கள். எங்கள் மாவட்டத்தில் அண்ணாமலை நகரில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

மதிப்பீட்டுக்கு ஒரு வினா: விரிசல் விட்ட கோப்பையைப் பசையால் ஒட்டினால் தண்ணீர் ஒழுகாது, அதில் கொதிக்கும் தேநீரைத் தினமும் ஊற்றலாமா, ஏன்?