கிழக்கும் மேற்கும் கைகோத்த வீடு



டிராயிங் வகுப்பில் பிளான், எலிவேஷன் இரண்டும் வரைகிறோம். பிளான் ஒரு நாட்டுடையதாகவும் எலிவேஷன் வேறு நாட்டுடையதாகவும் ஒரே வீடு அமையுமா? அமையும். முட்டுக்காட்டில் 1996-ல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்குப் போனால் பார்க்கலாம். செட்டிநாட்டு வணிகர் வீடு ஒன்றை அங்கே பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள்.

பிளான் நம்முடையது

செட்டிநாட்டு வீடுகளில் திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரே நேர்கோட்டில் போகும். நடுவே வானம் பார்த்த முற்றம். சூடான காற்று அதன் வழியே மேலே போய்விடும். மழைத் தண்ணீரும் அங்கேதான் இறங்கும். எங்கள் திருப்புட்குழி ஓட்டு வீட்டுக்கும் இதே கணக்குதான், அளவுதான் சின்னது.

பொருள் கடல் கடந்தது

பர்மா, மலேயா, இலங்கையில் சம்பாதித்த பணத்தில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதி முதல் இவ்வீடுகள் எழுந்தன. பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, ஜப்பான் பூ ஓடு எல்லாம் கப்பலில் வந்தன. முகப்பில் ஐரோப்பிய வளைவுகள். அதன் உச்சியில் சுதையில் கஜலட்சுமி! 1942-ல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்ததும் வியாபாரம் அடிபட்டது. பெரிய வீடு கட்டுவதும் குறைந்தது.

கைவேலை நம்மவர்களுடையது

ஆத்தங்குடி ஓட்டுக்குச் சூளை வேண்டாம். கண்ணாடிப் பலகைமேல் அச்சை வைத்து வண்ணக் கலவை ஊற்றி, பின்னால் சிமெண்ட் மணல் போட்டு, தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். கண்ணாடியின் வழவழப்புதான் தரையின் பளபளப்பு.

சுவரில் சுண்ணாம்புப் பூச்சு. சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் நீற்றினால் கால்சியம் ஹைட்ராக்சைடு. அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல வாங்கி மறுபடி சுண்ணாம்புக் கல்லாகவே இறுகுகிறது. கடுக்காய்த் தண்ணீர், வெல்லம் சேர்ப்பார்கள். கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு கலந்து தேய்க்க, சுவர் கண்ணாடி மாதிரி மின்னும்.

என் அப்பா கொத்தனார். சுண்ணாம்பு பதமா என்று விரலால் தொட்டே சொல்லிவிடுவார். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாது. இப்படி எத்தனை பேருடைய அறிவு ஏட்டில் ஏறாமலே போகிறது! வீட்டைப் பிரித்துக் கொண்டுபோய் அருங்காட்சியகத்தில் வைக்கலாம். கைப்பதத்தை யார் வைப்பது? நாம்தான்.

ஆகவே நண்பர்களே, உங்கள் ஊரில் பழைய வீடு இடிபடப் போகிறதென்றால், கடப்பாரைக்கு முன்னே டேப்போடு நீங்கள் போங்கள். அளந்து பிளான் போடுங்கள். ஊரின் வயதான கொத்தனாரைக் கண்டு, கலவைக் கணக்கைக் கேட்டு எழுதுங்கள். நாளை நாம் கட்டப்போகும் வீட்டுக்கும் அது உதவும்.