உலாவிடமும் உறைவிடமும்

நுழையும்முன்

விலங்கு கூண்டுக்குள்ளும் மனிதன் வெளியிலும் நிற்பது விலங்குக்காட்சிச்சாலையின் பழைய முறை. அதனை மாற்றியமைத்தது உலாவிடம். அங்குக் கற்கும் ஒழுங்கு, விருதுநகர் மாவட்டத்து மலையடிவாரக் காட்டில் நமக்கு எவ்வாறு பயன்படும் என்பதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இடம் மாறிய கூண்டு

'சஃபாரி' என்னும் சுவாகிலி மொழிச் சொல்லுக்குப் பயணம் என்பது பொருள். ஒருகாலத்தில் துப்பாக்கியுடன் சென்ற வேட்டைப் பயணங்களைக் குறித்த அச்சொல், இன்று விலங்குகளைக் கண்டு மகிழும் உலாவைக் குறிக்கிறது. ஊர்தியில் அமர்ந்தவாறே சிங்கங்களைக் காணும் பூங்கா, 1966ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லாங்லீட் என்னுமிடத்தில் திறக்கப்பட்டது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே அமைந்த இவ்வகைப் பூங்காக்களுள் அதுவே முதலாவதாகும்.

தமிழ்நாட்டில் வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் சிங்க உலாவிடம் உள்ளது. 1855இல் சென்னையில் தோன்றிய விலங்குக்காட்சிச்சாலையே 1985இல் வண்டலூரில் புதிய பூங்காவாக மலர்ந்தது. உலாவிடத்தில் பார்வையாளர் பூங்காவின் ஊர்தியில் அமர்ந்து செல்வர். சிங்கம் மரநிழலில் தன் விருப்பம்போல் கிடக்கும்; மனிதரோ கம்பி வலையிட்ட சன்னலுக்குப் பின் அடங்கியிருப்பர்.

உலாவிடங்களின் நுழைவாயில் பொதுவாக இரட்டைக் கதவுகளைக் கொண்டது. முதற்கதவு மூடிய பின்னரே இரண்டாவது திறக்கும். உள்ளே இறங்குதல், கையை நீட்டுதல், உணவு எறிதல், கூச்சலிடுதல் ஆகியன கூடா. இவ்விதிகள் நம் உயிரைக் காப்பதோடு, விலங்கின் அமைதியையும் காக்கின்றன. சாலை நமக்கு, சாலைக்கு அப்பாலுள்ள நிலம் விலங்குக்கு என்பதே அவற்றின் சாரம்.

வேலியில்லாக் காடு

சிவகாசியிலிருந்து ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில் திருவில்லிபுத்தூர் உள்ளது. அதனை அடுத்த மேற்குத்தொடர்ச்சி மலைப்பகுதி, 1988இல் சாம்பல் நிற அணில்கள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021இல் மேகமலையுடன் இணைந்து, தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகமாயிற்று.

உலாவிடத்துச் சிங்கத்திற்கு இரை உரிய வேளையில் வழங்கப்படுகிறது. நோயுற்றால் மருத்துவர் வருவார். காட்டு விலங்கிற்கு அக்காடே உணவும் உறையுளும் ஆகும். சாம்பல் நிற அணில் பெரும்பாலும் தரைக்கு வருவதில்லை. கிளைவிட்டுக் கிளை தாவியே இரை தேடும். மரமுடிகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் கூடு கட்டும். இடையிலுள்ள சில மரங்கள் வெட்டப்பட்டாலும் அதன் வழி அறுந்துபோகும். ஆகவே, இங்கு ஒரு புளியமரத்தைக் காப்பதும் ஓர் உயிரின் சாலையைக் காப்பதாகும்.

இக்காட்டில் விலங்கு நம் கண்முன் தோன்றும் என்னும் உறுதியில்லை. காணாமல் திரும்பினாலும் அப்பயணம் வீணன்று. நம் வருகையால் ஓர் உயிரும் அஞ்சி ஓடவில்லை எனில் அதுவே நற்பயணம்.

ஓசையடக்கும் ஊர்

சிவகாசியில் உருவாகும் பட்டாசு பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிடுகிறது. நாடெங்கும் விழாக்களில் ஒலிக்கிறது. ஆயினும், அவ்வோசைக்கும் இடமறிதல் வேண்டும். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கூடு கட்டவரும் பறவைகள் அஞ்சாதிருக்கத் தீபாவளியிலும் பட்டாசு வெடிப்பதைத் தவிர்த்து வருகின்றனர். சன்னலை மூடுமாறு அவர்களுக்கு எந்தக் காவலரும் ஆணையிடவில்லை. உலாவிடத்தில் விதியாக இருப்பது அவ்வூரில் வாழ்க்கை நெறியாகியிருக்கிறது. வேலியில்லாத காடுகளைக் காக்கவல்லது அந்நெறியே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள காடு, கண்மாய் ஆகியவற்றில் வாழும் உயிரினங்களைப் பட்டியலிடுக.

2. 'காட்டில் நாம் விருந்தினர்' என்னும் தலைப்பில் வகுப்பில் உரையாற்றுக.